மெட்ராஸ் கவர்னரின் வெல்ஷ் பூர்வீகம்: ஒரு குடும்பத்தை ஏடுகளில் தேடினால்

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், கூர்நுனியோடு உயர்ந்து நிற்கும் ஒரு கல்லறை உண்டு. பாரிமுனைப் பக்கம் தினமும் போய்வருகிறவர்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. 2023-இல் அதை அங்கிருந்து அகற்றுவது பற்றி வழக்கு நடந்தபோதுதான் செய்திகளில் பெயர் அடிபட்டது. அது இரண்டு பேருக்கான நினைவிடம். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1680-இல் இறந்தவர். இன்னொருவர் டேவிட் யேல் என்ற சின்னப் பையன். ஹின்மர்ஸ் இறந்த பிறகு அவருடைய மனைவி கேத்தரினை மணந்துகொண்டவர் எலிஹு யேல். அந்தப் பையன் இவர்களுடைய பிள்ளை. எலிஹு 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்ததும் இவரால்தான்.

இவரை வெல்ஷ்காரர், அதாவது இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டுக்காரர் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் பிறந்தது பாஸ்டனில், வளர்ந்தது லண்டனில், பணம் சேர்த்தது மெட்ராஸில். அப்படியானால் அந்த 'வெல்ஷ்' எங்கிருந்து வருகிறது? எத்தனை தலைமுறைக்கு அதை ஆவணத்தால் காட்ட முடியும்? எந்த இடத்தில் ஆவணம் நின்று கர்ணபரம்பரை தொடங்குகிறது? வேல்ஸில் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரே குடும்பத்தில் கிடக்கின்றன. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேல்ஸில் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் சில தலைமுறைகளிலேயே வழி அடைத்துவிடும். வீட்டையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அதற்கு மேலே பாதை திறக்கும். பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) பதிவேடு தேதியைத் தரும். உறவைத் தருவது உயில்.

தெரிந்த முனையிலிருந்து

பூர்வீகம் தேடுவதில் பழைய விதி ஒன்று உண்டு: சாவிலிருந்து பிறப்புக்குப் போ. பெரும் பேர் கொண்ட மூதாதையை முதலில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால், நமக்கு வேண்டிய இடத்தில் வந்து சேர்வது போலவே தோன்றும். அது ஆபத்து.

எலிஹு 1721 ஜூலை 8 அன்று லண்டனில் இறந்தார். அடக்கம் நடந்தது ஜூலை 22-இல், வட வேல்ஸில் உள்ள ரெக்ஸம் ஊரின் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில். இரண்டு வாரம், ஏறக்குறைய 180 மைல், கோடைக்காலம், குதிரை வண்டி. லண்டனில் கல்லறைக்கா பஞ்சம்? இவ்வளவு சிரமப்பட்டு ஒரு உடலை ஒரு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால் அங்கே குடும்பத்துக்கு வீடும் நிலமும் இருக்கிறது என்று அர்த்தம். அடக்கப் பதிவேட்டைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இவர் ஏன் இந்த ஊரில்?

கல்லறையில் ஒரு செய்யுள் வெட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பிறந்தவர், ஐரோப்பாவில் வளர்ந்தவர், ஆப்பிரிக்காவில் பயணித்தவர், ஆசியாவில் மணந்தவர், அங்கே நெடுநாள் வாழ்ந்து செழித்தவர், லண்டனில் இறந்தவர் என்று போகும். அப்புறம், 'நன்மை நிறையச் செய்தார், தீமை கொஞ்சம். கணக்கு நேராகிவிடும் என்று நம்புவோம்' என்கிற பொருளில் ஒரு வரி. அந்தக் 'கொஞ்சம்' பற்றி மெட்ராஸ் கவுன்சிலின் நடவடிக்கைப் புத்தகங்கள் வேறு மாதிரி பேசுகின்றன. இவர் காலத்தில் கோட்டையிலிருந்து கப்பலில் அடிமைகள் ஏற்றப்பட்டது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. கல்வெட்டு குடும்பம் சொல்ல விரும்பியதைச் சொல்லும். அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் செய்யுளில் ஒரு வரியைச் சரிபார்க்கச் சென்னையிலேயே ஏடு இருக்கிறது. கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, அதன் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு விழுந்தது: எலிஹு யேல், ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேத்தரின். நடத்திவைத்தவர் பாதிரியார் ரிச்சர்ட் போர்ட்மன். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அப்போதைய கவர்னர் ஸ்ட்ரெயின்ஷம் மாஸ்டர். மாப்பிள்ளைத் தோழர்கள், பெண்ணின் தோழிகள் பெயர்கள்கூட இருக்கின்றன. அந்தக் காலத்து வெல்ஷ் கிராமப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அங்கே பல பதிவுகளில் தேதியும் இரண்டு பெயரும் கிடைத்தாலே பெரிய விஷயம். பெண்ணின் அப்பா பெயர் இருக்காது, ஊர் இருக்காது, வயது இருக்கவே இருக்காது. கம்பெனி இந்தப் பதிவுகளின் பிரதிகளை லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் பின்னால் வந்தது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மெட்ராஸுக்கென்று தனி வரிசையே உண்டு.

பதிவேடு எவ்வளவு தூரம் வரும்?

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். உத்தரவு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒன்றுதான். ஆனால் வேல்ஸில் அந்த ஆண்டிலிருந்தே பதிவேடு தப்பிப் பிழைத்த ஊர் என்றால் ஃப்ளின்ட்ஷைரில் குவாயினிஸ்கோர் என்ற சின்னக் கிராமத்தைத்தான் சொல்வார்கள். மற்ற பல ஊர்களில் 17-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. சில மலைக் கிராமங்களில் 18-ஆம் நூற்றாண்டுதான் தொடக்கம். ஈரம், எலி, அக்கறையில்லாத பாதிரியார், எல்லாம் காரணம். 1640-களின் உள்நாட்டுப் போரிலிருந்து 1660 வரை பல ஊர்களில் ஓட்டை வேறு.

1598 முதல் ஒவ்வொரு பாரிஷும் வருடத்துக்கு ஒரு முறை பதிவேட்டின் பிரதியை பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. மூலம் அழிந்திருந்தால் இந்தப் பிரதி கைகொடுக்கும். வேல்ஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் 1660-களுக்குப் பிறகான பிரதிகளே மிஞ்சியிருக்கின்றன. அவை ஆபரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மூலமும் பிரதியும் இரண்டுமே இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். பிரதி எடுக்கும்போது பாதிரியார் தூங்கி வழிந்திருப்பார், அல்லது மூலத்தில் விட்டுப்போனதை நினைவிலிருந்து சேர்த்திருப்பார்.

ஊரில் எல்லாரும் வெல்ஷ் பேசினார்கள். பதிவேடோ லத்தீனிலோ ஆங்கிலத்திலோ, 1733-க்குப் பிறகு ஆங்கிலத்தில். ஒரு விவசாயி தன் பிள்ளையின் பெயரை வெல்ஷில் சொல்ல, பாதிரியார் அதை லத்தீனாக்கி எழுத, நாம் அதை ஆங்கிலப் பெயராகத் தேடுகிறோம். ஐயுவன், இவான், எவன், ஜான் எல்லாமே ஒரே ஆளாக இருக்கலாம். தேதியிலும் பொறி உண்டு. 1752 வரை அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முக்கால்வாசி முந்தைய ஆண்டுக் கணக்கில் இருக்கும். எலிஹுவின் பாட்டி மறுமணம் செய்துகொண்ட தியோஃபிலஸ் ஈட்டன் இறந்தது பழைய கணக்கில் 1657 ஜனவரி. நம் கணக்கில் 1658. இதைக் கவனிக்காதவர்கள் அப்பா சாவதற்கு முன்பே மகனுக்குச் சொத்தைக் கொடுத்துவிடுவார்கள், தாய் பிறப்பதற்கு முன்பே பிள்ளை பெற்றுவிடுவாள்.

எலிஹுவின் பிறப்புக்கு எந்த வெல்ஷ் பதிவேடும் உதவாது. 1649 ஏப்ரல் 5, பாஸ்டன். அவருடைய அப்பா டேவிட் யேல் அங்கே வியாபாரி. 1646-இல் மாசசூசெட்ஸ் ஆட்சியாளர்களை எதிர்த்து ராபர்ட் சைல்டும் இன்னும் சிலரும் போட்ட மனுவில் இவருடைய கையெழுத்தும் இருக்கிறது. சபை உறுப்பினராக இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை, அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்பவை அந்த மனுவில் சொன்ன குறைகளில் சில. மனுப் போட்டவர்களுக்கு அபராதம்தான் கிடைத்தது. எலிஹு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. ஆக பாஸ்டன் என்பது இந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு குறுகிய நிறுத்தம். அதற்கு முன்னால் போக வேண்டும் என்றால் அந்த அப்பா டேவிட் யார் பிள்ளை என்று பார்க்க வேண்டும்.

எந்த பிஷப்பின் மகள்?

இங்கே ஒரு பழைய முடிச்சு. எலிஹுவின் பாட்டி ஆன். முதல் கணவர் யேல் குடும்பத்தவர். அவர் இறந்த பிறகு லண்டன் வியாபாரி தியோஃபிலஸ் ஈட்டனை மணந்து, 1637-இல் யேல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டினார். ஈட்டன் இன்றைய அமெரிக்காவில் உள்ள நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் கவர்னர். நியூ இங்கிலாந்து வரலாற்றாசிரியர்கள் ஆனை 'செஸ்டர் பிஷப்பின் மகள்' என்று மட்டும் அறிந்திருந்தார்கள். செஸ்டர், வேல்ஸ் எல்லையை ஒட்டிய இங்கிலாந்து நகரம். பின்னால் வந்தவர்கள் அந்த பிஷப்புக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: தாமஸ் மார்ட்டன். பெரிய மனிதர், புத்தகங்கள் எழுதியவர், பிறகு டர்ஹம் பிஷப் ஆனவர். ஆனின் முதல் கணவர் பெயரையும் டேவிட் யேல் என்று எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று நகலெடுத்துப் பல பக்கங்களில் ஓடின.

இதை உடைக்கப் பெரிய புதையல் ஆவணம் ஒன்றும் தேவையில்லை. மார்ட்டன் செஸ்டருக்கு பிஷப்பாக இருந்தது 1616 முதல் 1619 வரை. அவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் 1659-இல் மிக முதிய வயதில் இறந்தவர். ஆனின் மூத்த மகன் டேவிட் பிறந்தது 1613 வாக்கில். அதாவது மார்ட்டன் செஸ்டரில் காலடி வைப்பதற்கு முன்பே ஆனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. அந்த நேரத்தில் செஸ்டர் பிஷப் யார் என்று பட்டியலைப் பார்த்தால் போதும்: ஜார்ஜ் லாய்ட், 1605 முதல் 1615-இல் இறக்கும்வரை. வட வேல்ஸ்காரர். செஸ்டரின் வாட்டர்கேட் தெருவில் மரச்சட்டங்களால் கட்டிய ஒரு பழைய வீடு இன்றும் 'பிஷப் லாய்ட் வீடு' என்ற பெயரோடு நிற்கிறது. ஆன் லாய்டை மணந்தவர் தாமஸ் யேல், 1619-இல் இறந்தவர். டேவிட் என்பது அந்தத் தாமஸின் அப்பா பெயர். மகன் பெயரும் அதுதான். இடையில் இருந்த தாமஸை ஒரு எழுத்தாளர் விழுங்கிவிட, மற்றவர்கள் ஏப்பம் விட்டார்கள்.

யேல் குடும்பத்தில் டேவிட், தாமஸ் என்ற இரண்டு பெயரும் மாறி மாறி வரும். தாத்தா பெயர் பேரனுக்கு. மெட்ராஸில் இறந்த பையனுக்கும் தாத்தா பெயர்தான். இந்த வழக்கம் தேடுகிறவருக்கு ஒரு துப்பு. அதே நேரத்தில், ஒரு தலைமுறையைத் தவறவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாதபடி மூடிவிடும் மூடியும் அதுவே.

ஆன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாரிஷ் ஏடுகளில் பெண்கள் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. இவர் வருகிறார், ஆனால் குற்றவாளியாக. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்ற எண்ணம் வந்து, நியூ ஹேவன் தேவாலயத்தில் அந்தச் சடங்கின்போது எழுந்து வெளியே போனார். கவர்னர் மனைவி! 1644-இல் சபை விசாரித்தது. கொள்கைக் குற்றத்தோடு வீட்டுச் சண்டைகளையும் சேர்த்து எழுதி வைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் மாமியாரைப் புறங்கையால் இரண்டு முறை முகத்தில் அறைந்தாராம். வலி மூன்று நாள் இருந்ததாம். மூத்தாள் மகளைக் கிள்ளினாராம். கடைசியில் சபையிலிருந்து விலக்கினார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இது ஒரு பொக்கிஷம்: மாமியார், மூத்தாள் மகள், வேலைக்காரர்கள் என்று ஒரு வீட்டில் யார் யார் ஒன்றாக இருந்தார்கள் என்பதை எந்த ஞானஸ்நானப் பதிவும் இப்படிச் சொல்லாது. இவருடைய மகள், அதே பெயர்கொண்ட ஆன், கனெக்டிகட் கவர்னர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. அவர் படிப்பதிலும் எழுதுவதிலுமே மூழ்கியதால் புத்தி பேதலித்துவிட்டதாக மாசசூசெட்ஸ் தலைவர்களில் ஒருவரான ஜான் வின்த்ராப் 1645-இல் தன் குறிப்பேட்டில் எழுதினார். பெண்கள் வேலையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருப்பார் என்று ஒரு உபதேசமும். அவர் எழுதிய புத்தகங்கள் கிடைத்திருந்தால் இந்தக் குடும்பத்தைப் பற்றி வின்த்ராப்பின் தயவில்லாமல் நாம் நிறையத் தெரிந்துகொண்டிருப்போம்.

நான்கு தலைமுறை, நான்கு பெயர்

இப்போது தாமஸ் யேலுக்கு மேலே. அவருடைய அப்பா டாக்டர் டேவிட் யேல், செஸ்டர் மறைமாவட்டத்தின் சான்சலர் (பிஷப்பின் நீதிமன்ற நீதிபதி), திருச்சபைச் சட்ட வல்லுநர், 1626-இல் இறந்தவர். ரெக்ஸத்துக்கு வெளியே பிளாஸ் கிரோனோ என்ற வீட்டை இந்தக் கிளைக்குச் சேர்த்தவர் இவர். எலிஹுவின் உடல் ஏன் ரெக்ஸத்துக்குப் போனது என்பதற்கு இதுவே பதில். அந்த வீடு எர்டிக் எஸ்டேட்டின் பக்கத்தில் இருந்தது, 1876-இல் இடித்துவிட்டார்கள்.

டாக்டர் டேவிடின் அப்பா யார்? இங்கேதான் யேல் என்ற பெயரைத் தேடிப் போகிறவர் நடுத்தெருவில் நிற்பார். அவர் பெயர் ஜான் வின். அவருடைய அப்பா டேவிட் லாய்ட் ஆப் எல்லிஸ். அவருடைய அப்பா எல்லிஸ் ஆப் கிரிஃபித். ஒரே ஆண்வழி, வரிசையாக நான்கு தலைமுறை, நான்கு விதப் பெயர். அதுமட்டுமா, டாக்டர் டேவிட்டே இளமையில் டேவிட் லாய்ட்.

தமிழருக்கு இதை விளக்குவது சுலபம். நம் இனிஷியல் மாதிரிதான். அந்தக் காலத்து வெல்ஷ்காரருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. 'ஆப்' என்றால் மகன், அதற்குப் பின் அப்பா பெயர். மகளுக்கு 'வெர்ச்'. இங்கே முருகன் மகன் செல்வம் மு. செல்வம், செல்வத்தின் மகன் செ. குமார் என்று ஆவது போல, அங்கே ரிஸ் மகன் ஹியூ, ஹியூ மகன் எவன். ஆங்கில நீதிமன்றங்களும் குமாஸ்தாக்களும் இதைச் சகிக்க முடியாமல் அப்பா பெயரையே பரம்பரைப் பெயராக உறைய வைத்தார்கள். ஆப் ரிஸ் பிரைஸ் ஆனது. ஆப் ஹவல் பவல், ஆப் ஹியூ பியூ, ஆப் ஹாரி பாரி, அப் ஓவன் போவன், அப் எவன் பெவன். 'ஆப்' உதிர்ந்துபோன இடங்களில் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ். மேல்தட்டில் இது 16-ஆம் நூற்றாண்டில் நடந்தது. மலைப்பக்கத்து ஏழை விவசாயிகளிடம் 18-ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் பழைய வழக்கம் ஓடியது. ஆகவே 1780-இல் பிறந்த ஒரு எவன் ஜோன்ஸின் அப்பா ஜான் எவன் ஆக இருந்தால் ஆச்சரியப்படக் கூடாது. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரையே வைத்திருந்தார்கள். அடக்கப் பதிவில் கணவன் ஒரு பெயர், மனைவி வேறு பெயர் என்று இருக்கும். அதைப் பார்த்து இது வேறு குடும்பம் என்று தள்ளிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

லாய்ட், வின் இரண்டும் அப்பா பெயரும் இல்லை. ஆளைப் பார்த்து வைத்த பட்டப் பெயர்கள்: நரைத்தவர், வெளுத்தவர். வாகன் என்றால் சின்னவர், காஃப் என்றால் சிவந்தவர். இவையும் பிற்பாடு குடும்பப் பெயராகின.

யேல் இதில் எந்த வகையிலும் சேராது. அது ஒரு இடம். டென்பிஷைரில் யால் என்று ஒரு பழைய ஆட்சிப் பகுதி உண்டு. லான்அர்மோன்-இன்-யால் என்ற ஊர்ப் பெயரில் அது இன்றும் இருக்கிறது. அந்தப் பகுதியில் பிரின்எக்லுவிஸ் பாரிஷில் பிளாஸ்-இன்-யால் என்ற மாளிகை, யால் நாட்டு மாளிகை. எல்லிஸ் ஆப் கிரிஃபித் மேற்கே கோர்சிகெடோல் குடும்பத்தவர். யால் வீட்டு வாரிசான மார்கரெட்டை மணந்ததால் அந்த வீடு இந்த வழிக்கு வந்தது. அதாவது உலகப் புகழ்பெற்ற அந்தப் பெயர் ஒரு பெண்ணின் சீதனம். ஆண்வழி வம்சாவளிகளில் மூழ்கிக் கிடக்கிறவர்கள் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

முதலில் யேல் என்று எழுதிக்கொண்டவர்களில் ஒருவர் ஜான் வின்னின் தம்பி டாக்டர் தாமஸ் யேல், ஆர்ச்பிஷப் மேத்யூ பார்க்கரின் கீழ் பெரிய சட்ட அதிகாரி, 1577-இல் இறந்தவர். ஊரைவிட்டு கேம்பிரிட்ஜும் லண்டனும் போன வெல்ஷ் படிப்பாளிகளுக்கு 'ஆப் டேவிட் ஆப் எல்லிஸ்' என்று நீட்டி எழுதுவது தோதுப்படவில்லை. அண்ணன் ஊரில் வின்னாகவே இருந்தார். தம்பி நகரத்தில் யேல் ஆனார். அண்ணன் மகன் சித்தப்பா வழியைப் பின்பற்றினார். குடும்ப வம்சாவளிகள் இந்த டாக்டர் டேவிடை மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் என்று சொல்கின்றன. பழைய வெல்ஷ் சட்டத்தில் அப்பா ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு நிலத்தில் பங்கு உண்டு. எட்டாம் ஹென்றி காலத்து இணைப்புச் சட்டங்கள், 1536-இலும் 1543-இலும் வந்தவை, அதை மாற்றின. பாகப்பிரிவினை போய் மூத்தவனுக்கே எல்லாம் என்ற ஆங்கில முறை வந்தது. யால் மாளிகை வேறு கிளையில் தங்க, டேவிட் தன் படிப்பால் சம்பாதித்து ரெக்ஸத்தில் வேர்விட்டது இந்தப் பின்னணியில் பொருந்துகிறது.

உயில்கள்

பதிவேடு இல்லாத 16-ஆம் நூற்றாண்டில் இப்படி அப்பன்-பிள்ளை உறவைச் சொல்ல எது உதவும்? உயிலும் நிலப் பத்திரமும்தான்.

1858 ஜனவரி 12 வரை உயிலை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். வேல்ஸுக்கு செயின்ட் அசாஃப், பேங்கர், செயின்ட் டேவிட்ஸ், லாண்டாஃப் என நான்கு மறைமாவட்டங்கள். இவற்றின் உயில்கள் 1,90,000-க்கும் மேல் வேல்ஸ் தேசிய நூலகத்தில் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. உலகத்தில் வேறு எந்த ஊருக்காரருக்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதா என்று எனக்குச் சந்தேகமே. ரெக்ஸம், யால் இரண்டும் செயின்ட் அசாஃபின் கீழ். ஆனால் அங்கே தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிரிக்கக் கூடாது. எல்லையோரத்து வெல்ஷ்காரர்கள் செஸ்டரிலும் ஹெரிஃபர்டிலும் வாழ்ந்தார்கள், அங்கேயே உயில் எழுதினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டத்தில் 5 பவுனுக்கு மேல் சொத்து இருந்தால் விஷயம் ஆர்ச்பிஷப் நீதிமன்றத்துக்குப் போகும். கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1653 முதல் 1660 வரை, மன்னர் இல்லாத காலத்தில், எல்லா உயிலும் லண்டனில் ஒரே நீதிமன்றத்தில். சட்டம் படித்து, செஸ்டரிலும் லண்டனிலும் வேலை பார்த்து, வேல்ஸில் நிலம் வைத்திருந்த யேல்கள் மாதிரிக் குடும்பத்துக்கு இந்த எல்லாக் கதவையும் தட்ட வேண்டும்.

உயிலைப் படிப்பதில் ஒரு பொதுவான பிசகு, ஒரு ஷில்லிங் விவகாரம். மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங், மற்றவர்களுக்கு மாடும் கட்டிலும் என்று எழுதியிருந்தால், மகனோடு சண்டை, அதனால் துரத்திவிட்டார் என்று கதை கட்டுவார்கள். பல சமயம் அந்த மகனுக்குக் கல்யாணத்தின்போதே நிலம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மறந்துபோய் விட்டுவிட்டார் என்று பின்னால் யாரும் வழக்குப் போடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஷில்லிங். உயிலில் பெயரே இல்லாத பிள்ளையும் இறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, உயில் எழுதிய தேதிக்கும் மெய்ப்பித்த தேதிக்கும் இடையிலான தூரம். பல உயில்கள் சாவுப் படுக்கையில் எழுதியவை. இரண்டுக்கும் நடுவே சில வாரமே இருக்கும், அந்த வாரங்களுக்குள் அடக்கப் பதிவைத் தேடலாம். எழுத நேரமில்லாமல் வாயால் சொன்னதும் சாட்சிகள் இருந்தால் உயிலாகச் செல்லுபடியானது. 1837-இன் சட்டம் வந்துதான் அது நின்றது. சொன்னவர் வெல்ஷில் சொல்லியிருப்பார், எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். வெல்ஷ் மொழியிலேயே உள்ள உயில்கள் மிகக் கொஞ்சம். கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவி அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத 1882 வரை வழியில்லை என்பதால், பெண்களின் உயில் என்றால் பெரும்பாலும் விதவைகளும் மணமாகாதவர்களும். அவர்கள் உயில்தான் சுவையானது. ஆண்கள் நிலத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள்; விதவைகள் தங்கை மகளுக்கு மேலங்கி, பேத்திக்கு வெண்கலப் பானை என்று உறவு முறை சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். மூன்று தலைமுறை ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

18-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை உயிலோடு சொத்துப் பட்டியலும் சேர்ந்திருக்கும். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து உழவு எருது, கறவைப் பசு, ஆடு, களஞ்சியத்தில் இருக்கும் தானியம், இறகு மெத்தை, போட்டிருந்த துணி, வரவேண்டிய கடன் என்று விலை போட்டு எழுதுவார்கள். விலை போட்டவர்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பக்கத்து வயல்காரர்கள். பல சமயம் மைத்துனனும் சம்பந்தியும்.

எலிஹுவின் சொந்த உயிலோ பெரிய வேடிக்கை. வரைவு ஒன்றை எழுதினார். அதில் 'என் கெட்ட மனைவிக்கு' என்று தொடங்கி, என்ன என்று எழுதாமல் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். கோட்டைத் தேவாலயத்துப் பதிவேட்டில் முதல் வரியாக இடம்பிடித்த அதே கேத்தரின்தான். 1718-இல் இவர் அனுப்பிய சரக்குப் பொதிகள் 562 பவுனுக்கு விற்று, கூடவே 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் எல்லாம் சேர்த்து நியூ ஹேவன் கல்லூரிக்கு இவர் பெயரை வாங்கிக் கொடுத்தன. வரைவு உயிலில் இன்னும் 500 பவுன் எழுதியிருந்தார். அந்த உயில் சட்டப்படி நிலைக்காததால் கல்லூரிக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஓவியம், நகை, மேசை நாற்காலி எல்லாம் ஏலம் போயின. ஏலப் பட்டியல்கள்தான் இன்று அவருடைய வீட்டுக்குள் நம்மை அழைத்துப்போகும் ஆவணம். உயில் தோற்ற இடத்தில் வியாபாரக் காகிதம் கைகொடுக்கிறது.

பாணர் ஏடுகள்

எல்லிஸ் ஆப் கிரிஃபித்துக்கு மேலே பதிவேடும் இல்லை, உயிலும் அரிது. அங்கிருந்து மேலே போக வெல்ஷ் வம்சாவளி ஏடுகள் உண்டு. பாணர்கள் இவற்றைப் பாதுகாத்தார்கள். 1586-இல் லூயிஸ் டூன் என்ற வெல்ஷ் புலவர் அரசாங்க அனுமதியோடு வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதினார், குடும்பத் தலைவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார். முகஸ்துதி என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. பழைய வெல்ஷ் சட்டத்தில் நிலத்தில் உரிமை கேட்க வேண்டுமென்றால் மூதாதை வரிசை சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால் பங்காளி எழுந்து மறுப்பான். ஆகவே நிலத்தைத் தொடும் தலைமுறைகள் வரை இந்த ஏடுகளை நான் நம்புவேன். கோர்சிகெடோல் வம்சம் அயர்லாந்திலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் வந்த ஆஸ்பர்ன் என்பவரிடம் போய் முடிகிறது. அவரை ஐரிஷ் பிரபுக்களான ஃபிட்ஸ்ஜெரால்டுகளோடு முடிச்சுப் போடுவார்கள். ஆஸ்பர்ன் வரை சரி. அதற்கு மேல் கைதட்டல் வாங்கப் பாடியது.

சாதாரண ஜோன்ஸ் குடும்பத்துக்கு இந்த ஏடுகள் எதுவும் கிடையாது. அவர்களுக்குப் பதிவேடு, பிஷப் பிரதி, உயில், குத்தகைப் பத்திரம், பண்ணை வீட்டின் பெயர், அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பலர் அரசுத் திருச்சபையில் சேராத சேப்பல் சபைகளுக்குப் போய்விட்டதால் ஞானஸ்நானமும் பாரிஷ் ஏட்டில் இருக்காது. 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைத்த சபைப் பதிவேடுகளைத் தேட வேண்டும். அங்கேயும் வீட்டின் பெயர்தான் கை கொடுக்கும். ஊரில் பத்து ஜான் ஜோன்ஸ் இருப்பார்கள். ஒரு பண்ணை வீட்டில் ஒருவர்தான் இருப்பார்.

கடைசியாக, அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயரோடு, நாங்கள் எலிஹுவின் வாரிசு என்று சொல்கிறவர்கள் பற்றி. எலிஹுவின் ஒரே முறையான மகன் மெட்ராஸில் சின்ன வயதிலேயே போய்விட்டான். மகள்கள் மூன்று பேர்: ஒருத்தி டட்லி நார்த்தை மணந்தாள், ஒருத்தி ஜேம்ஸ் கேவண்டிஷ் பிரபுவை; மூன்றாமவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த வழியில் வந்தவர்கள் யேல் என்ற பெயரோடு இருக்க முடியாது. அமெரிக்க யேல்கள் எலிஹுவின் சித்தப்பா தாமஸின் வழி. அண்ணன் டேவிட் இங்கிலாந்து திரும்பியபோது நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டு, 1683-இல் அங்கேயே இறந்தவர்.